ராசிபுரத்து நாவலும் எனக்கு வராத அழுகையும்

எழுதியவர்கள் அனுப்பும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, இதை அச்சிடலாம், இது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். போன வாரம் நான் அச்சகத்துக்கு வந்தபோது உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஊரே உருகுகிற புத்தகம் நமக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை என்றால் என்ன எழுதுவது, சார்?"

அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதிலைக் கற்றுக்கொண்ட விதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அவ்வளவுதான். வயதாகிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுதிவிடுகிறேன்.

போர்க்காலம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அச்சகம். எனக்கு இருபத்தேழு வயது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்திருந்ததால் அந்த வருடம் பெரிய புத்தகம் ஒன்றுதான் போட முடியும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் மேசையில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று, வீட்டிலேயே செய்துகொள்ளும் கைவைத்தியம் பற்றியது. இன்னொன்று, இருபத்து மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதிய ஒரு நாவல். எழுதியவர் ராசிபுரத்துப் பட்டு நெசவாளி, பெயர் செங்கோடன், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆறு வருடம் உட்கார்ந்து எழுதியிருந்தார். நோட்டுகளைத் தறியில் மிஞ்சிய பட்டு நூலால் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தலைப்பு வைக்கவில்லை. "படிச்சுட்டு நீங்களே ஒரு பேரு வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டாராம்.

முதலாளிக்கு வேண்டிய வக்கீல் ஒருவர் முதல் இரண்டு நோட்டுகளைப் படித்துவிட்டு, கல்லும் கரையும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு, படிக்காத நாலு பேரும் அப்படியே சொன்னார்கள். இப்படி ஒரு சோக நாவலைப் போட்டால் அச்சகத்துக்கே பெயர் வரும் என்று முதலாளி ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். என்னிடம் கொடுத்தபோது, "ஒரு முறைக்குத்தானப்பா. படிச்சுட்டு எழுதிக் குடுத்துரு" என்றார்.

பதினோரு நாள் படித்தேன்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு குடும்பம். முதல் அத்தியாயத்தில் பஞ்சம் வருகிறது, தகப்பன் சாகிறான். மூன்றாவதில் தாய். அப்புறம் மூத்தவன் ஆற்றோடு போகிறான், மருமகள் பிரசவத்தில், அவள் குழந்தை ஒன்பதாம் நாள். மொத்தம் பதினோரு சாவு. மழை கடைசிவரை பெய்யவில்லை. அந்த ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் யாரும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை, யாரும் யாரையும் வாயாரத் திட்டவில்லை. சாகப்போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே குரல். பக்கத்துக்குப் பக்கம் "ஐயகோ". மொழியில் குறையில்லை; பிழை தேடினால் நோட்டுக்கு நாலுகூடக் கிடைக்காது. உழைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. ஆனால் பதின்மூன்றாவது நோட்டில் ஒரு குழந்தை பாட்டி மடியில் உயிர் விட்டுக்கொண்டிருந்தபோது, நான் இன்னும் எத்தனை நோட்டு பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிடம் எனக்குப் பயமாகிவிட்டது. அதற்கு நாலு மாதம் முன்புதான் என் அப்பா இறந்திருந்தார். கொள்ளி வைத்தேன், பால் தெளித்தேன், வந்தவர்களைக் கவனித்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உறவுக்காரர்கள் என் காதுபடவே கல்நெஞ்சக்காரன் என்றார்கள். இப்போது இந்தப் புத்தகமும் ஒன்றும் செய்யவில்லை. செத்துக் கிடப்பது புத்தகமா, நானா? இந்த வேலையில் இதைவிடக் கஷ்டமான கேள்வி எனக்கு வந்ததில்லை.

மீதி நோட்டுகளை ஒரு வரி விடாமல் படித்தேன். பிறகு முதலாளியிடம் போய், "வேண்டாங்க ஐயா. எனக்கு மனசுல ஒட்டலை" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏனப்பா, வக்கீல் அழுதிருக்கறாரு. உனக்கு அழுகை வரலீன்னா, அது பொஸ்தகத்துல இருக்கற கொறையா, உங்கிட்ட இருக்கற கொறையா?"

என் வீட்டுச் சாவுக்கு வந்திருந்தவர் அவர். வேண்டுமென்று குத்தவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஒரு வாரம் குடுங்க ஐயா. எழுதினவரைப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"எழுதினவனைப் பாத்து என்ன பண்றது? சரி, போயிட்டு வா. காயிதத்தை ரொம்ப நாளு அப்படியே வெச்சிருக்க முடியாது, தெரிஞ்சுக்க."

அப்போது பெட்ரோல் கிடையாது, கரி அடுப்பில் ஓடும் பஸ். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். நோட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் செய்துகொண்டே போனேன்.

செங்கோடன் வீடு ஒரே நீள அறை. பாதி அறையைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க சாமி. ஒரு காயிதம் போட்டிருந்தா நானே வந்திருப்பனுங்க. பாவாயி, சேலத்துல இருந்து வந்திருக்கறாரு பாரு!"

பாவாயி அவர் மனைவி. மெலிந்த, உயரமான பெண். ஒரு வார்த்தை பேசாமல் களியும் கீரையும் வைத்தார். சாப்பிட்டு முடித்து நான் கை கழுவும்வரை செங்கோடன் பொறுத்திருந்தார். பிறகு என் எதிரில் உட்கார்ந்து, கல்யாணப் பேச்சுக்கு வந்தவரைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"எந்த எடத்துலீங்க உங்களுக்குக் கண்ணு கலங்குச்சு? வக்கீலய்யா ரண்டாவது நோட்டுலயே தாங்க முடியலீன்னாருங்களாமா."

பஸ்ஸில் செய்து வைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"எங்கயும் கலங்கலீங்க. முழுசும் படிச்சேன். ஒரு பக்கம்கூட விடலை."

"ஒரு எடத்துலகூட இல்லீங்களா?"

"இல்லீங்க."

அவர் கோபப்படவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது சமையல் பக்கத்திலிருந்து பாவாயி சொன்னார்: "எனக்குந்தான் கலங்கலை."

"நீ சும்மா இரு பாவாயி."

"ஆறு வருசமாச் சும்மாத்தான இருந்தேன். பொழுது சாஞ்சா படிச்சுக் காட்டுவீங்க, கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்." அவர் வந்து சுவரோரம் நின்று என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தாளுங்க. வள்ளின்னு பேரு. எட்டு வயசு. இவரு பொஸ்தகத்துல பதினோரு பேரு சாகறாங்க. அதுல எம்புள்ள ஒரு வரிகூட இல்லீங்க."

செங்கோடன் தலை நிமிரவில்லை.

"காலரா வந்த வருசமுங்க. காலையில படுத்தா. மத்தியானத்துக்குள்ள கண்ணு உள்ள போயிருச்சு. நான் வைத்தியரைக் கூட்டியாரப் போனேன். தறியில ஒரு கண்ணாலச் சேலை கெடந்துச்சு. புள்ள சொன்னாளுங்க, 'அப்பா, தறிய நிறுத்தாதீங்க, சத்தம் கேட்டுக்கிட்டே படுத்துக்கறேன்'னு. இவரு தறியில உக்காந்து நெஞ்சாரு. நான் வைத்தியரோட வாரேன், தெருமுனையிலயே தறிச் சத்தம் கேக்குது. அப்பாடா, புள்ள தூங்கறான்னு நெனச்சேன். உள்ள வந்து பாத்தா அவ எப்பவோ போயிட்டா. இவரு நெஞ்சுக்கிட்டே இருக்கறாரு."

செங்கோடன், "ஒரு மொழம்" என்றார். "அவ போனதுக்கப்பறம் ஒரு மொழம் நெஞ்சிருப்பேனுங்க. மேலயும் இருக்கும். அந்தச் சேலையக் கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு மணவறையில உக்காந்தா."

என் கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது. இப்போது உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கண்ணீரில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நான் கல் இல்லை, என் தீர்ப்பும் தப்பில்லை என்ற சந்தோஷம். அந்தச் சூட்டிலேயே, கண்ணைத் துடைத்த கையோடு, சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"இதை எழுதுங்க. மத்ததெல்லாம் விட்டுருங்க. இது போதும், புத்தகம் நிக்கும். காகிதத்துக்கு நான் பொறுப்பு."

"இதையா?" என்றார் செங்கோடன்.

"இதைத்தாங்க."

பாவாயி கணவரைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்திலும் ஓர் ஆசை இருந்தது. தன் பெண்ணுக்கு ஒரு வரியாவது கிடைக்குமே என்ற ஆசை. மூன்று பேரும் சேர்ந்துதான் அந்தத் தப்பைச் செய்தோம். ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

முதலாளியிடம் திரும்பிப் போய், வேறு புத்தகம் வருகிறது, இதைவிடச் சின்னது, நூறு மடங்கு பெரியது என்று ஏதேதோ சொன்னேன். என் வேகத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். மூன்று மாதம் காகிதத்தைத் தொடாமல் வைக்க ஒப்புக்கொண்டார்.

ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒரு பகலில் பாவாயி அச்சகத்து வாசலில் நின்றார். தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். அச்சு இயந்திரச் சத்தத்தில் அவர் சொல்வது கேட்கவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன்.

"அவரு தறியில நெலையா உக்காந்து ஒரு மாசமாச்சுங்க. உக்காருவாரு, தறி நாடாவ ஒருதரம் தள்ளுவாரு, எந்திரிச்சு வந்து புள்ள படுத்திருந்த எடத்தப் பாப்பாரு. திரும்பப் போயி உக்காருவாரு, திரும்ப எந்திரிப்பாரு. சோறு எறங்கறதில்ல. எழுதவும் இல்லீங்க."

மரத்தடிக் கல்லைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"அந்தப் பெரிய பொஸ்தகத்த எதுக்கு எழுதுனாருன்னு எனக்கு இப்பத்தான் வெளங்குதுங்க. ஊர்ல இருக்கற சாவையெல்லாம் எழுதி எழுதி எங்கூட்டுச் சாவை மூடி வெச்சிருந்தாரு. அதனாலதான் தறியில உக்கார முடிஞ்சுது. நீங்க வந்து தொறந்து உட்டுட்டுப் போயிட்டீங்க. நானும் வாயத் தொறந்திருக்கக் கூடாது. எம்புள்ள பேரு வரோணும்னு ஆசப்பட்டுட்டேன்." அவர் அழவில்லை. "நீங்க வந்து எழுத வேண்டாம்னு சொல்லோணுமுங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு. 'படிச்சவரு சொல்லியிருக்கறாரு'ங்கறாரு."

மறுநாள் இருபத்து மூன்று நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

தறியில் பாதி நெய்த சேலைமேல் தூசி படிந்திருந்தது. செங்கோடன் பாதியாகிவிட்டிருந்தார். என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். மேலே ஒரே ஒரு வரி, அடித்து அடித்துத் திரும்ப எழுதியது. கீழே முழுக்கக் கணக்கு: ஒரு விரற்கடைக்கு எத்தனை இழை, ஒரு முழத்துக்கு எவ்வளவு நேரம்.

"கடைசியா அவ 'அப்பா'ன்னாளுங்க. நான் தறியில இருந்துக்கிட்டே 'உம்'னேன். அந்த 'உம்' அவ காதுல உழுந்துச்சா, அதுக்கு முன்னாலயே போயிட்டாளான்னு தெரியோணுமுங்க. எங்கிருந்து எங்க வரைக்கும் நெஞ்சேன்னு கணக்குப் போட்டாத் தெரிஞ்சுரும்னு பாக்கறேன். அது தெரியாம எப்படீங்க எழுதறது?"

அவர் என்னைக் கேட்ட விதம், நான் ஏதோ வழி சொல்வேன் என்று நம்பிக் கேட்ட விதம். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் ஒரு எழுத்து குறைகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்பதுபோல.

"எழுத வேண்டாங்க" என்றேன். "நான் கேட்டதே தப்பு. அது உங்க வீட்டுச் சங்கதி. அதைக் கேக்க எனக்கு உரிமை இல்லீங்க."

"நல்லா வரும்னு சொன்னீங்களே."

"நல்லா வரும். ஆனாலும் வேண்டாங்க."

அவர் நான் கொண்டுவந்த நோட்டுக் கட்டைப் பார்த்தார். "அப்ப அந்தப் பெரிய பொஸ்தகம்?"

இந்த இடத்தில் சரி என்று சொல்லியிருக்கலாம். காகிதம் இருந்தது, முதலாளிக்கும் விருப்பம். இரக்கத்துக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஒன்றாவது கிடைத்திருக்கும். எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று என்னால் முடியவில்லை.

"அதுவும் வராதுங்க. அதுல என் எண்ணம் மாறலை."

"ரண்டும் இல்லீங்களா."

"இல்லீங்க."

அவர் நோட்டுக் கட்டை வாங்கி, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று பார்த்து, பெட்டிமேல் வைத்தார். "வெயிலா இருக்குது, மோரு குடிச்சுட்டுப் போங்க" என்றார். அந்த மோரை எப்படிக் குடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவர் மறுபடி நெய்யவில்லை. தறியை விற்றுவிட்டு, இருவரும் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பட்டு நெய்த கை. எங்கள் அச்சகத்தில் அந்த வருடம் கைவைத்திய நூல்தான் வந்தது. நன்றாகவே போயிற்று. முதலாளி என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு புத்தகம் உங்களைத் தொடவில்லை என்றால், தொடவில்லை என்று எழுதுங்கள். பத்துப் பேர் அழுததாகச் சொன்னாலும், எழுதியவர் ஆறு வருடம் உழைத்திருந்தாலும், உங்கள் நெஞ்சைப் பற்றி உங்களுக்கே சந்தேகம் வந்தாலும். முழுக்கப் படித்திருந்தால் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் உரிமை அந்தத் தாள்களோடு முடிகிறது. இந்த மனிதர் தாளில் வைக்காமல் விட்டது என்ன என்று அவர் வீட்டுக்குள் போய்த் தேடாதீர்கள். அவர் அதை மறந்துபோய் விடவில்லை. அதை விட்டதால்தான் அவரால் எழுந்து நடமாட முடிந்தது. நல்ல புத்தகம் வேண்டும் என்கிற ஆசை நம் தொழிலில் நியாயமான ஆசை. அந்த ஆசைதான் என்னை அந்த வீட்டில் அப்படிப் பேச வைத்தது.

போர் முடிந்தபின் ஒருமுறை மோகனூருக்கு ஒரு வேலையாகப் போய், பரமத்தி வேலூர் வழியாகத் திரும்பினேன். விசாரித்துக்கொண்டு அந்தக் கொடிக்காலுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் துணிவில்லை.

உச்சி வேளை. ஆட்கள் கஞ்சி குடித்துவிட்டு வாய்க்கால் ஓரம் நிழலில் இருந்தார்கள். நடுவில் செங்கோடன் நோட்டைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். வெற்றிலை கிள்ளும் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவன் ஆற்றோடு போகும் இடம். ஒரு கிழவி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் மட்டும் மூன்று "ஐயகோ". அவர் குரல் தடுக்காமல், தெளிவாக, வாய்க்கால் தண்ணீர் போலப் போய்க்கொண்டிருந்தது.

வரப்பில் நின்றுகொண்டு கேட்டேன். சேலத்தில் என் மேசையில் படித்தபோது எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருந்தேன்.

பின்னால் தனியாக உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்த பாவாயி என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தலை நரைத்திருந்தது.

"இப்பவும் உங்களுக்கு ஒன்னும் ஆகலீங்களா?" என்றார், தணிந்த குரலில்.

"இல்லீங்க."

"எனக்கும் ஆகறதில்லீங்க." அவர் அந்தப் பெண்களைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். "இருந்தாலும் உக்காந்து கேளுங்க சாமி. அவரு சோறு திங்கறாரு, தூங்கறாரு. இன்னும் ரண்டு பக்கந்தான்."

ஈரமண்ணில் பாவாயிக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். செங்கோடன் எங்களைப் பார்க்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.